நாற்பத்தெட்டின் கீழ் பதினேழு

ஐயாயிரத்தை ஒரே தாளாகத் தந்தார்கள்.
கையொப்பம் வைத்த பேனையை
நிலந்தி மிஸ் மருந்துத் துணியால் துடைத்து
அடுத்த கைக்கு நீட்டினார்.
தாளைத் துடைக்கவில்லை.

ஜிந்துப்பிட்டி ஒழுங்கைக்குள்
நாற்பத்தெட்டின் கீழ் பதினேழு.
பலகை மறைப்புக்கு இந்தப் பக்கம் நானும் மகளும்,
அந்தப் பக்கம் செலஸ்டினா அக்காவும் புருஷனும்,
மேலே தகரத்தை ஒட்டிய பரணில் மருதவீரன்.
அடுப்பு மூன்று.
படிவத்தில் அடுப்புக்குக் கட்டமில்லை.
குடும்பத் தலைவர் யார் என்று கேட்டிருந்தது.
நிமிர்ந்தால் தலை இடிக்கிற வீட்டில்
யாரென்று எழுத?
விலாசத்துக்கு முதலில் வந்தவள் நான்.
என் பெயரை எழுதினேன்.

மருதவீரன் புறக்கோட்டையில் கொத்துப் போடுகிறவன்.
ஊரடங்கு விழுந்த அன்று முதலாளி
அரைச் சம்பளமும் மூன்று கிலோ மாவும் கொடுத்து
கதவை இழுத்துவிட்டார்.
அவன் பெயர் மஸ்கெலியா இடாப்பில் இருக்கிறது.
"அங்கே போய் எடுக்கச் சொல்லுங்கள்"
என்று சொல்லிவிட்டு
நிலந்தி மிஸ்ஸே தலையைக் குனிந்துகொண்டார்.
போக பஸ் இல்லை.
பஸ் வந்தாலும் பாஸ் இல்லை.
மஸ்கெலியாவுக்குப் போன் போட்டால்
கொழும்பில் இருக்கிறவருக்குக் கொழும்பில்தான் என்றார்களாம்.

எனக்கும் ஒரு வியாபாரம் உண்டு.
காலிமுகத்திடலில் இறால் வடை.
ஒரு கண்ணாடிப் பெட்டி, நான்கு சில்லு, ஒரு கேஸ் அடுப்பு.
சிறு தொழிலுக்குக் குறைந்த வட்டியில் கடன் என்று
ரேடியோ சொன்னதை நம்பி வங்கிக்கு எடுத்தேன்.
பதிவு இலக்கம் கேட்டது ஒரு சின்னப் பிள்ளைக் குரல்.
மாநகர சபைத் துண்டு இருக்கிறது என்றேன்.
நாளுக்கு ஒன்று,
பதினொரு வருடம், பிஸ்கட் டின் நிறைய.
"கணக்கறிக்கை, அன்ட்டி?"
கடற்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தே
இன்றைக்கு எத்தனை வடை போகும் என்று சொல்வேன் பிள்ளை,
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
குரல் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மெட்டுப் போட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன்.
ரீலோட் முடிந்தது.

செலஸ்டினா அக்காவின் புருஷனுக்கு ஆட்டோ.
ஆறு மாதம் லீசிங் கட்டத் தேவையில்லை என்று செய்தி வந்த இரவு
பாணுக்குள் சீனி வைத்து எல்லாருக்கும் தந்தார்.
இரண்டாவது செய்தி வட்டியைப் பற்றியது.
ஆட்டோ சந்தியில் நிற்கிறது,
தார்ப்பாயின் கீழ் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது.
வட்டி மட்டும் ஓடுகிறது.

சரி, ஐயாயிரத்துக்கு வருகிறேன்.

ரிஸ்மி நானாவின் கடையில் பின்கதவு மட்டும்.
அரிசி, பருப்பு, கால் கிலோ நெத்தலி, ஒரு சவர்க்காரம்.
தாளைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
"காலையிலிருந்து பதினான்கு ஐயாயிரம் பார்த்துவிட்டேன் தங்கச்சி.
ஒரு நூறு ரூபாய் காணவில்லை."
ஒழுங்கை முழுக்கப் பணக்காரர்கள்,
உடைக்க ஒருவரிடமும் சில்லறை இல்லை.

கொப்பியைத் திறந்தார்.
பழைய கடன் மூவாயிரத்து நானூற்றுப் பத்து.
இன்றைய சாமான் அறுநூற்று நாற்பது.
"மிச்சம் தொள்ளாயிரத்து ஐம்பது.
மாற்றிக் கொடுக்க வழியில்லை, இதிலேயே எழுதட்டுமா?"

எட்டிப் பார்த்தேன்.
என் பெயருக்கு நேரே
முதல் தடவையாக வரவு.
அதை அப்படியே விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது,
இரண்டு நாளாவது.
பரணில் மூன்றாம் இரவாக
அவன் மாவைச் சும்மா தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற சத்தம்
பலகைக்குள்ளால் கேட்டுத் தொலைத்திருக்கிறது.

"பாதியை வேறு பெயரில் போடுங்கள் நானா.
மருதவீரன்."
"விலாசம்?"
"நாற்பத்தெட்டின் கீழ் பதினேழு. மேல் மாடி."
"உங்கள் வீட்டுக்கு எப்போது மாடி வந்தது?"
என்றபடியே
புதுப் பக்கம் புரட்ட விரலை நாக்குக்குக் கொண்டுபோனார்.
முகக்கவசத்தில் முட்டி நின்றது விரல்.